காட்டுக்கு நெருப்பு வைத்த நாற்பது நொடி

ஃபெபி எடுத்த வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது எத்தனை என்று கேட்டால், போன மாசி மாதம் வரைக்கும் அவள் கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு எண் சொல்வாள்: முந்நூற்றுப் பன்னிரண்டு. அதிலும் ஒரு முப்பது, அவளே திரும்பத் திரும்பப் பார்த்தது. இன்னொரு இருபது, அவளுடைய அம்மா சாந்தாமேரி சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் ஃபோனையெல்லாம் வாங்கி, "சும்மா ஓரமா ஓடிட்டு இருக்கட்டும்" என்று அமுக்கிவிட்டது. ஆக, பெற்ற தாயின் புண்ணியத்தையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது முப்பத்தொன்று. அப்பா பெரியநாயகம், ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்று, அந்த ஓய்வை ஒரு மாதம்கூட அனுபவிக்காமல் போய்ச் சேர்ந்தவர். ஃபெபி ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருடம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அழாத மணப்பெண்ணை அழ வைப்பதும், முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகளைச் சிரித்துக்கொள்ள வைப்பதும் அங்கே கற்றுக்கொண்ட வித்தைகள். பிறகு அதை விட்டுவிட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற ஹோம்ஸ்டேக்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துப் பிழைத்தாள். ஆனால் மனசு கிடந்தது வேறொன்றில். 'மலைமேல ஒரு நாள்' என்று சொந்தமாக ஒரு சேனல். மலையில் இருக்கிற யாராவது ஒருவரோடு விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கூடவே இருந்து எடுப்பது. மிளகு பறிக்கிறவர், பஸ் கண்டக்டர், சர்ச்சில் மணி அடிக்கிறவர் என்று இருபத்தொரு பேரை அப்படி எடுத்து முடித்திருந்தாள். ஒன்றையும் நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்காக அவளுக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. "மாவு ஒண்ணுதான். இட்லிக்கு ஊத்தறது வேற, தோசைக்கு ஊத்தறது வேற, பணியாரத்துக்கு ஊத்தறது வேற" என்பாள். யூடியூப்பில் பார்க்கிறவர்கள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பவர்கள், அவர்களுக்குப் படுக்கைவசத்தில் இருபது நிமிடம், நிதானமாக. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்ப்பவர்கள் தெரிந்த முகங்கள், அவர்களுக்குத் துண்டு துண்டாக, ஊர்ப் பெயரோடு. ரீலில் பார்க்கிறவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே போகிறவன். அவனுக்கு நெட்டுக்குத்தாக நாற்பது நொடி. அதிலும் முதல் மூன்று நொடியில் அவன் விரலை நிறுத்தவில்லை என்றால் எல்லாம் வீண். சத்தத்தை அணைத்து வைத்திருப்பான், ஆகவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். அடி விழுந்தது அந்தப் பெருமையில்தான்.

இருபத்திரண்டாவது ஆள் தலைச்சோலை கிராமத்துச் சின்னத்தாயி. ஐம்பத்தைந்து வயது, பேச்சில் வெல்லம். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம், பாதியில் காப்பிச்செடி, பாதியில் சாமையும் ராகியும். ஃபெபி போன அன்றைக்குக் காலையில் கையில் தீப்பெட்டியும் இடுப்பில் குடமுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க்கா கெளம்பிட்டீங்க?"

"காட்டுக்கு நெருப்பு வெச்சுட்டு வந்தர்றேன் கண்ணு. அப்பறமாப் பேசலாம்."

ஃபெபிக்கு ஒரு கணம் திக்கென்றது. அரைக் கணம்தான். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்தில் காடு என்றால் வெள்ளாமை செய்கிற நிலம், வேறொன்றும் இல்லை. களை பிடுங்கப் போகிறவரும் காட்டுக்குத்தான் போகிறார், சாமை அறுக்கப் போகிறவரும் காட்டுக்குத்தான் போகிறார். ஆனால் ஃபெபி பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில். அந்த வீட்டில் தோட்டம் என்பார்கள், எஸ்டேட் என்பார்கள், காடு என்றால் அது கரடி இருக்கிற காடுதான். அதனால் அவளுக்கு இரண்டு காது. ஒன்று மலைக்காரர் காது, இன்னொன்று வெளியூர்க் காது. திக்கென்றது வெளியூர்க் காதுக்கு. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த அரைக் கணத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்குச் சின்னத்தாயி செய்ததை ஃபெபி ஒன்று விடாமல் எடுத்தாள். காய்ந்த உண்ணிச்செடியையும் களையையும் நிலத்தின் நடுவில் குவித்தார். சுற்றிலும் நாலடி அகலத்துக்கு மண் தெரியக் கொத்திவிட்டார். நாலு குடம் தண்ணீரும் அடித்து அணைக்கப் பச்சைத் தழையும் கொண்டுவந்து வைத்தார். காற்று அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் குச்சியைக் கிழித்தார். நெருப்பு மேலே எழும்பியதும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "காட்டுக்கு நெருப்பு வெச்சாத்தானுங்க நமக்கு வருசம் பூராச் சோறு."

இருபத்திரண்டு நிமிட வீடியோ யூடியூப்பில் ஏறியது. முதல் நாள் பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். புதன்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ரீல் வெட்டினாள். கொத்துவது வேண்டாம், குவிப்பது வேண்டாம், காத்திருப்பது வேண்டவே வேண்டாம். எடுத்த எடுப்பில் நெருப்பு, சிரித்த முகம், அந்த ஒரு வசனம். படுக்கைவசப் படத்தை நெட்டுக்குத்தாக்க இரண்டு பக்கமும் நறுக்கியபோது இந்தப் பக்கம் தண்ணீர்க் குடங்கள் போயின, அந்தப் பக்கம் காப்பிச்செடி போனது. சின்னத்தாயிக்குப் பின்னால் எல்லையோரத்துப் பெரிய மரங்கள் மட்டும் மிஞ்சின. மேலே மஞ்சள் எழுத்தில் பெரிதாக எழுதினாள்: காட்டுக்குத் தீ வைக்கும் அக்கா.

எழுதி முடித்ததும் வெளியூர்க் காது மறுபடியும் ஒரு தரம் திக்கென்றது. நல்லது, நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை வரை இரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதற்கே ஃபெபி அம்மாவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்கு மேலே மலைச்சரிவில் தீப்பிடித்தது. யார் வைத்தார்களோ, எப்படிப் பற்றியதோ, இன்று வரை தெரியாது. இரண்டு நாள் எரிந்தது. பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஃபெபி ஃபோனை எடுத்துப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தவுடன் புள்ளியை எங்கோ தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடியும் எண்ணினாள். பதினான்கு லட்சம்.

"அம்மா, பதினாலு லட்சம்மா."

சாந்தாமேரி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவர் கண்ணத் தெறந்துட்டார். என்ன எழுதியிருக்காங்க, படி."

ஃபெபி கீழே போனாள். முதலாவதாக இருந்தது: 'இந்தப் பொம்பளையை அந்த நெருப்பிலேயே தூக்கிப் போடுங்கள்.' வேறு யாருடைய வீடியோவுக்கோ வந்து சேர்ந்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்தது, 'சிரிப்பைப் பார், கொலைகாரச் சிரிப்பு.' அடுத்தது சின்னத்தாயியின் சாதியைத் தேடியது. அதற்கடுத்தது ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்து எழுதியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான், எரிகிற மலைச்சரிவையும் சின்னத்தாயியின் முகத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டி, தீ வைத்தது இவள்தான் என்று போட்டுவிட்டிருந்தான். ஃபெபி ஃபோனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. தலைச்சோலையிலிருந்து சின்னத்தாயியின் பக்கத்து வீட்டு வள்ளி. பாரஸ்ட்காரர்கள் ஜீப்பில் வந்து சின்னத்தாயியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். வள்ளி அழவில்லை, அழ வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை. "நல்ல சீலையாப் பாத்துக் கட்டிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னார்.

ரேஞ்சர் ஆபீசுக்குள் ஃபெபி ஓடாத குறையாகப் போய் நுழைந்தபோது, சின்னத்தாயி பெஞ்சில் அரக்குப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தார். ஃபெபியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. நீ எடுத்தது மேல பெரிய ஆபீசருங்களுக்கெல்லாம் போயிருச்சாமா. நேர்ல வந்து சொல்லோணும்னாங்க. எல்லாஞ் சொல்லிட்டேன்."

சின்னத்தாயியின் வலது கைப் பெருவிரலில் நீல மை பூசியிருந்தது. மேசையில் ஒரு தாள். ரேஞ்சர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு நாள் தீயணைத்ததில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்கதான் வீடியோ எடுத்தவங்களா? உக்காருங்க. இவங்க எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க." தாளை எடுத்துப் படித்தார். "காட்டுக்கு நெருப்பு வைத்தது நான்தான். வருடா வருடம் வைக்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து வைக்கிறோம். இதுதானேம்மா நீங்க சொன்னது?"

"ஆமாங்கய்யா. ஒரு வார்த்த தப்பில்லீங்க. எங்கீங்க கைய வெக்கோணும்?"

"அக்கா, கைய வெக்காதீங்க."

ஃபெபி போட்ட சத்தத்தில் வாசலில் நின்றிருந்த பாரஸ்ட் கார்டு பெரியசாமிகூட எட்டிப் பார்த்தார். ஃபெபி ரேஞ்சர் பக்கம் திரும்பினாள். "சார், இங்க காடுன்னா வெள்ளாமை பண்ற நெலம் சார். இவங்க கொளுத்துனது சொந்த நெலத்துல இருந்த களைய. வனத்த இல்ல."

ரேஞ்சர் சின்னத்தாயியைப் பார்த்தார். "அப்ப வனத்தை என்னன்னு சொல்லுவீங்க?"

"அத பாரஸ்ட்டுன்னு சொல்லுவமுங்க. அதுக்குள்ளாற நாம போகப்படாதுன்னு தெரியுமுங்களே." சின்னத்தாயிக்கு அப்போதுதான் லேசாக ஏதோ உறைக்க ஆரம்பித்தது. "ஏனுங்கய்யா, பாரஸ்ட்ட நான் கொளுத்துனன்னா நெனச்சீங்க?"

ரேஞ்சர் வாசல் பக்கம் திரும்பினார். "பெரியசாமி, நீங்க இந்த ஊர்தானே? இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்கய்யா."

"சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலீங்களேய்யா."

ரேஞ்சர் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஃபெபி லேப்டாப்பைத் திறந்து, நறுக்காத படத்தைப் போட்டாள். இருபத்திரண்டு நிமிடம் பார்க்க அவருக்கு நேரமில்லை என்று தெரியும். கொத்துகிற இடம், குடங்கள் இருக்கிற இடம், காற்று அடங்கக் காத்திருக்கிற இடம் என்று தாவித் தாவிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இந்தக் குடமெல்லாம் ரீல்ல இல்லையே?"

"ரீல் நெட்டுக்குத்தா இருக்கும் சார். ரெண்டு பக்கமும் போயிரும்."

"குடம் போயிருச்சு. காப்பிச்செடி போயிருச்சு. கொத்துன மண்ணு போயிருச்சு. நெருப்பு மட்டும் போகலை." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே ஃபெபிக்கு அதிகம் சுட்டது. வாக்குமூலத் தாளை மடித்துக் கிழித்தார். ஒரு வெள்ளைத் தாளை ஃபெபி பக்கம் தள்ளினார். "இவங்க மேல ஒண்ணுமில்லைன்னு நான் மேல எழுதிடறேன். நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. வெளியூர்க்காரங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்கன்னு தெரியாமப் போட்டுட்டேன்னு. அதோட முடிஞ்சுது."

ஃபெபி பேனாவை வாங்கினாள். 'தெரியாமல்' என்று எழுத 'தெ' வரைக்கும் எழுதிவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை, எல்லோரும் ஊருக்குப் போயிருக்கலாம். பேனா அங்கேயே நின்றது.

அவள் தயங்குவதைப் பார்த்த சின்னத்தாயி, பயந்துபோய்த் தயங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா. பச்சப்புள்ளையாட்டம். எங்க ஊட்டுப் புள்ள மாதிரி அது. சந்தேகமா இருந்தா நான் சத்தியம் பண்றனுங்க." சொல்லிக்கொண்டே எழுந்து சன்னல் பக்கம் திரும்பினார். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சியைப் பார்த்துக் கையை நீட்டினார். மலையில் அந்தத் திசையில் கை நீட்டிப் பொய் சொன்னவர் யாரும் இல்லை என்பார்கள். நீட்டினால் முடிந்தது, அப்புறம் அதைக் கேள்வி கேட்பவர் கிடையாது. "எங்க சேர்வராயஞ்சாமி மேல..."

ஃபெபி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கும்பிடுகிற சாமி வேறாக இருக்கலாம். ஆனால் தனக்காக அந்த அம்மாள் தெரியாமலே தன் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"வேண்டாங்க்கா. தெரியும்."

"என்ன கண்ணு தெரியும்?"

"வெளியூர்க்காரங்க நீங்க பாரஸ்ட்டக் கொளுத்தறதா நெனைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க மொதல்ல சொன்னப்ப எனக்கே திக்குன்னுச்சு. அந்தத் திக்கு அவங்களுக்கும் வரோணும்னுதான் அத மட்டும் வெட்டி வெச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க்கா."

சின்னத்தாயியின் கை ஃபெபியின் பிடியில் அப்படியே இருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அதிர்ச்சி என்றால் சத்தம் போடுவார்கள், மார்பில் அடித்துக்கொள்வார்கள் என்று ஃபெபி நினைத்திருந்தாள், கல்யாண வீடியோக்களில் அவள் ஒட்டியதெல்லாம் அப்படித்தான். சின்னத்தாயி ஒன்றுமே செய்யவில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டு, பெருவிரல் மையைப் பட்டுச் சேலையின் முந்தானையில் துடைத்தார். அது பட்டு என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

ரேஞ்சர் தாளை மறுபடியும் ஃபெபி பக்கம் நகர்த்தினார். பிறகு, "சரி, உள்ளது உள்ளபடியே எழுதுங்க. உங்க மேல என்ன பண்றதுன்னு மேல கேட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். ஃபெபி 'தெ'வை அடிக்கவில்லை. அதிலிருந்தே தொடர்ந்து 'தெரிந்தே போட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தார்கள். தலைச்சோலை பஸ் நின்றுகொண்டிருந்தது. சின்னத்தாயி ஏறி சன்னலோரம் உட்கார்ந்தார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஃபெபி பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை எடுத்து ரீலை அழித்தாள்.

"அழிச்சுட்டேங்க்கா."

"அப்ப போயிருச்சா?"

பொய் சொல்வதற்கு இன்னொரு வாய்ப்பு. "இல்லீங்க. மத்தவங்க எடுத்து அவங்கவங்க பக்கத்துல போட்டுட்டாங்க. அத என்னால அழிக்க முடியாது."

"எத்தன பேரு பாத்தாங்க?"

"பதினாலு லட்சம்."

சின்னத்தாயி அந்த எண்ணை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "சேலத்துல அத்தன பேரு இருப்பாங்களா?"

"சேலம் டவுன்ல இருக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சின்னத்தாயி வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: "பாத்தவங்க எதாச்சும் எழுதுவாங்கன்னு அன்னிக்கு எடுக்கறப்பச் சொன்னயே. என்னையப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"அது எதுக்குங்க்கா இப்ப."

"என்னையப் பத்தித்தான எழுதியிருக்காங்க. நான் கேக்கோணும். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். நீ படி."

ஃபெபி வேறு யாரோ போட்டிருந்த அதே நாற்பது நொடியைத் தேடி எடுத்தாள். அதன் கீழே வந்தவற்றை விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். நூறு தள்ளினாள், இருநூறு தள்ளினாள். ஒரு நல்ல வார்த்தைகூடவா இருக்காது என்று தேடினாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. "இந்த அக்கா சிரிப்பு அழகா இருக்கு" என்று படித்தாள்.

சின்னத்தாயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய விரலைத்தான் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அத்தனையத் தள்ளி உட்டுட்டு இத மட்டும் எதுக்குப் படிக்கற? மொதல்ல இருந்து படி. வெட்டாமப் படி."

முன் சீட்டிலும் பின் சீட்டிலும் தலைச்சோலை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஃபெபி எல்லாவற்றையும் கடந்து மேலே போய், முதலாவதாக இருந்ததை எடுத்து, சின்னத்தாயிக்குக் கேட்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தாள்.